பி.டி. டீச்சர் பதில்கள்: முந்நூறு மீட்டர் வரைக்கும் நான்தான் முதலில்

(31 வருஷம் மதுரை மாவட்ட அரசுப் பள்ளிகளில் விசில் ஊதியவள் நான். விளையாட்டு பற்றி வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதுகிறேன்.)

கேள்வி: டீச்சர், உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம் எனக்கு. பிளஸ் ஒன் படிக்கிறேன். 400 மீட்டர் ஓடுவேன். குறுவட்டத்தில் முதல் இடம், மாவட்டத்தில் முதல் இடம். மாநிலப் போட்டியில் ஹீட்ஸிலேயே, அதாவது முதல் சுற்றிலேயே, ஆறாவதாக வந்தேன். முந்நூறு மீட்டர் வரைக்கும் நான்தான் முதலில். அதுக்கப்புறம் கால் கல்லாயிருச்சு. ஸ்பைக்ஸ், அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூ, எங்கள் ஊர் அண்ணன் ஒருத்தரிடம் இரவல் வாங்கியது, எட்டாம் நம்பர். என் கால் ஆறு. முன்னால் துணி அடைத்துப் போட்டு ஓடினேன். அப்பா இல்லை. அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அம்மாச்சிதான் என்னை வளர்க்குது. "ஒன்னுமில்லாத ஓட்டத்துக்கு ஊர்ப்பேச்சு எதுக்கு, பன்னெண்டு முடிச்சதும் மாமன் மகனுக்குக் கட்டி வச்சிருவோம்"னு சொல்லுது. இந்தியா டிரெஸ் போட்டு ஓடணும்னு எனக்குக் கனவு. முடியுமா டீச்சர்?
(பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் மாணவி)

பதில்: தாயி, உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரமும் ஒரே வரியில்தான் என் கண் நின்றது: "முந்நூறு மீட்டர் வரைக்கும் நான்தான் முதலில்." மாநிலப் போட்டியில், இரண்டு நம்பர் பெரிய ஸ்பைக்ஸில், துணி அடைத்த காலோடு முந்நூறு மீட்டர் முன்னால் ஓடியிருக்கிறாய். மிச்ச நூறு மீட்டரில் நடந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சரிசெய்யவும் முடியும்.

முதல் காரணம், நீ கிளம்புகிற வேகம். குறுவட்டத்திலும் மாவட்டத்திலும் நீ வேகமாகக் கிளம்பி இருபது மீட்டர் முன்னால் போய்விட்டால் பின்னால் துரத்த ஆள் இருக்காது. கடைசியில் தள்ளாடினாலும் ரிப்பன் உனக்குத்தான். அதனால் உன் ஓட்டத்தில் இருக்கிற ஓட்டை உனக்கே தெரியாமல் போயிற்று. மாநிலப் போட்டியில் பக்கத்து லேன் பிள்ளைகள் உன்னைப் போகவிட்டுக் காத்திருந்து கடைசியில் வந்து பிடித்திருக்கிறார்கள். உலகத்திலேயே பெரிய வீராங்கனைக்கும் 400 மீட்டரில் இரண்டாவது பாதி மெதுவாகத்தான் வரும். எவ்வளவு குறைவாக மெதுவாகிறோம் என்பதைத்தான் பழக வேண்டும். உன்னால் தனியாக 200 மீட்டரை 28 விநாடியில் ஓட முடியும் என்று வைத்துக்கொள். 400 ஓடும்போது முதல் 200-ஐ முப்பதுக்குப் பக்கத்தில் கடந்தால் போதும். அந்த ஒன்றரை, இரண்டு விநாடியை ஆரம்பத்திலேயே செலவழித்தால் கடைசி வளைவு தாண்டியதும் நாலு, ஐந்து விநாடியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். நீ கல் என்று சொல்வது அதைத்தான்.

வாரத்தில் ஒரு நாள், செவ்வாய் என்று வைத்துக்கொள், 300 மீட்டரை மூன்று தரம் ஓடு. நடுவில் பத்து நிமிஷம் சும்மா நட. மூன்று ஓட்டமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிய வேண்டும். முதலாவது ஐம்பது விநாடி, மூன்றாவது அறுபது என்று வந்தால் முதல் ஓட்டத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாய் என்று அர்த்தம். இன்னொரு நாள் 150 மீட்டர் ஆறு தரம். ஞாயிற்றுக்கிழமை ஓடவே ஓடாதே. தினமும் முழு வேகத்தில் ஓடுகிற பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி பிடித்துக்கொண்டு ஒரு சீசனே போய்விடும். அப்படிப் போன பிள்ளைகள் என்னிடமே நிறைய உண்டு.

இரண்டாவது காரணம் உன் ரத்தத்தில் இருக்கலாம். இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் நான் ஒரு பிள்ளைக்குத் தப்பு செய்திருக்கிறேன்.

மேலூர் பக்கம் ஒரு பள்ளியில் நான் வேலை பார்த்தபோது, 800 மீட்டர் ஓடுகிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். முதல் சுற்று மான் மாதிரி போவாள். இரண்டாவது சுற்றில் நின்று நின்று வருவாள். "உடம்பு வளையலடி உனக்கு" என்று வகுப்பு முழுக்க நிற்கும்போது திட்டினேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. ஒரு நாள் காலை பிரேயரில் அப்படியே சரிந்தாள். சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, நானும் வாட்ச்மேன் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா ஒன்றும் பேசவில்லை. கட்டைவிரலால் அவளுடைய கீழ் இமையை இழுத்து எனக்குக் காட்டினார். சிவப்பாக இருக்கவேண்டிய இடம், துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஹீமோகுளோபின் 7. பெண்களுக்கு 12 இருக்கவேண்டும். தசைக்குக் காற்றைச் சுமந்துகொண்டு போவது ரத்தம்தான். பாதி ரத்தத்தை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை முதல் சுற்றை முழுசாக ஓடியிருக்கிறாள். அதைப் பார்க்கத் தெரியாமல் அவளைச் சோம்பேறி என்று சொல்லியிருக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை தொடர்ந்து கொடுத்து நாலு மாதம் கழித்து ஓடவிட்டபோது இரண்டாவது சுற்றில் அவள் நிற்கவே இல்லை. நான் புதிதாக ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டாலும் அந்தச் சொல் போய்விடவில்லை.

அதனால் தாயி, இந்த வாரமே சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் பார். காசு கிடையாது. பள்ளியில் வாரம் ஒரு தரம் தருகிறார்களே நீல மாத்திரை, அதை வாங்கிப் பைக்குள் போட்டுவிட்டு வரும் வழியில் எறிகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீ எறியாதே. சாப்பிட்டுவிட்டு முழுங்கு. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காப்பி வேண்டாம், இரும்பை உடம்பில் சேரவிடாது. முருங்கைக்கீரை, கேப்பைக்கூழ், அவித்த கடலை, முட்டை கிடைக்கிற அன்றைக்கு முட்டை. கூடவே ஒரு நெல்லிக்காய், இல்லையென்றால் எலுமிச்சை. மாதவிடாயில் ரத்தப்போக்கு ரொம்ப இருந்தால் டாக்டரிடம் வாய் திறந்து சொல்.

மூன்றாவது, அம்மாச்சி. இனி வருவதை அம்மாச்சியைத் திண்ணையில் உட்காரவைத்து வாசித்துக் காட்டு.

அக்கா, வணக்கம். நானும் உங்க வயசை ஒட்டினவதான். திருமங்கலம் பக்கம் பொறந்தவ. ஊர்ப்பேச்சு என்னன்னு எனக்கும் தெரியும். கால்சட்ட போட்டு ஓடுனதுக்கு எங்க அப்பத்தா என்னோட ரெண்டு மாசம் பேசல. நம்ம மதுரைக்குக் கிழக்கே சக்கிமங்கலம்னு ஒரு ஊரு. அங்க ரேவதின்னு ஒரு பிள்ள. சின்ன வயசுலயே அப்பாவும் அம்மாவும் போய்ச் சேந்துட்டாங்க. அவளையும் தங்கச்சியையும் வளத்தது அவங்க அம்மாச்சி ஆரம்மாள்தான். அடுத்தவுங்க காட்டுலயும் செங்கச் சூளையிலயும் வேலை பாத்து வளத்தாங்க. சொந்தக்காரங்க, "பிள்ளைகளையும் வேலைக்கு அனுப்பு"ன்னு சொன்னாங்க. மாட்டேன், பள்ளிக்கூடந்தான் போகணும்னுட்டாங்க. அந்தப் பிள்ள செருப்பில்லாத காலோட ஓடுனதப் பாத்துக் கண்ணன்னு ஒரு கோச் கூப்பிட்டாரு. பாட்டிக்கு மொதல்ல சம்மதமில்ல, உங்கள மாதிரியேதான். அவரு வந்து பேசிப் பேசிச் சம்மதிக்க வச்சு, லேடி டோக் காலேஜ்ல சீட்டும் ஹாஸ்டலும் வாங்கிக் கொடுத்தாரு. 2021-ல அந்தப் பிள்ள டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல இந்தியாவுக்காக ஓடுச்சு. நாலு பேர் ஓடுற கலப்பு ரிலே. அந்த நாலு பேர்ல மூணு பேரு நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளைக: ரேவதி, திருச்சி சுபா, லால்குடி ஆரோக்கிய ராஜீவ். ஓடுனதாலயே ரேவதிக்கு ரயில்வேல வேலையும் கெடச்சுச்சு.

நான் உங்ககிட்ட ஒலிம்பிக்ஸ் கேக்கல அக்கா. ரெண்டு வருசம் கேக்குறேன். விளையாட்டுச் சான்றிதழ் இருந்தா காலேஜ்ல விளையாட்டு ஒதுக்கீட்டுல சீட்டு உண்டு. அரசு வேலையில விளையாட்டுக்காரங்களுக்குன்னு நூத்துக்கு மூணு இடம் ஒதுக்கியிருக்காங்க. பன்னெண்டு முடிக்கிறப்ப பேத்திக்குப் பதினெட்டு முடிஞ்சிருக்காது, அதுக்கு முன்னாடி கட்டிவச்சா சட்டப்படி குத்தம், உங்களையும் சேத்துத்தான் கேப்பாங்க. மாமன் மகன் எங்கயும் போயிற மாட்டான். காலையில அஞ்சரைக்கு பிள்ள மைதானத்துக்குப் போறப்ப நீங்க ஒரு சொம்பு தண்ணியோட கூட நடந்து போய், அந்த வேப்பமரத்தடியில உக்காந்திருங்க. நீங்க உக்காந்திருக்கிற இடத்துல எந்த ஊரும் பேசாது.

தாயி, இனி உனக்கு. கனவு உன்னுடையதாக இருக்கலாம். உழைப்பை நீ தனியாகச் சுமக்க முடியாது. வீட்டில் ஒருத்தர் உன்னோடு எழுந்திருக்க வேண்டும். அதனால்தான் அம்மாச்சிக்கு இவ்வளவு எழுதினேன்.

"முடியுமா" என்று கேட்டாய். வாக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. டோக்கியோவுக்குப் போவதற்கு முன்னால், 2021 ஜூலையில் பாட்டியாலாவில் நடந்த தேர்வில் ரேவதி 400 மீட்டரை 53.55 விநாடியில் ஓடினாள். உன்னுடைய நேரம் என்ன? முழுக் கடிதத்திலும் நீ அதை எழுதவே இல்லை. முதல் இடம், முதல் இடம், ஆறாவது இடம் என்று இடத்தை மட்டும் எழுதியிருக்கிறாய். இடம் கூட ஓடுகிறவர்களைப் பொறுத்து மாறும். நேரம் உன்னுடையது மட்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. தேதி, தூரம், நேரம், என்ன சாப்பிட்டாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய், மாதவிடாய் நாள். மூன்று மாதம் எழுதிவிட்டு அந்த நோட்டை எனக்கு அனுப்பு. சான்றிதழ்களை ஒரு ஃபைலில் போட்டு ஜெராக்ஸ் எடுத்து வை. லீவு நாளில் ஒரு தரமாவது ஆரப்பாளையத்தில் இறங்கி டவுன் பஸ் ஏறி ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போ, டவுன் பஸ்ஸில் உனக்கு டிக்கெட் காசு கிடையாது. அந்த சிந்தடிக் ட்ராக்கில் கால் வைத்துப் பார். அங்கே பயிற்சி எடுக்கிற பிள்ளைகள் எப்படி வார்ம் அப் செய்கிறார்கள் என்று ஒரு காலை முழுக்க உட்கார்ந்து கவனி.

ஸ்பைக்ஸ் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறேன். "தடைகளைத் தாண்டிக் கனவை வெல்வோம்" என்ற தலைப்பில் பேச்சுப் போட்டி. விளையாட்டிலிருந்து ஏதாவது எடுத்துக்காட்டு சொல்லுங்கள் டீச்சர்.
(மாணவன், மேலூர்)

பதில்: தடை ஓட்டத்தையே எடுத்துக்கொள் தம்பி. பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பத்துத் தடைகள். ஒவ்வொன்றும் 76.2 சென்டிமீட்டர் உயரம், அரை அங்குலம் கூடவோ குறையவோ இருக்காது. முதல் தடை 45 மீட்டரில், அப்புறம் 35 மீட்டருக்கு ஒன்று, கடைசித் தடையிலிருந்து கோடு வரைக்கும் 40 மீட்டர். ஓடுகிறவளுக்கு இது எல்லாம் முன்கூட்டியே தெரியும். நடுவில் எத்தனை எட்டு வைக்க வேண்டும் என்று எண்ணிப் பழகித்தான் வருவாள். இன்னொன்று தெரியுமா? கால் பட்டுத் தடை விழுந்தால் ஆட்டம் போய்விடாது. வேண்டுமென்று தள்ளாத வரைக்கும் எழுந்து ஓடலாம், ஜெயிக்கவும் செய்யலாம். எங்கள் பள்ளிகளில் தடைக் கட்டை வாங்கப் பணம் இருந்ததில்லை. இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, மேலே மூங்கில் கம்பை வைத்துத்தான் பழக்கினேன். கால் பட்டால் கம்பு உருண்டுபோகும், முட்டியில் அடி விழாது. பயம் போவதற்கு அதுவே நல்லது.

1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் பி.டி. உஷா இந்த ஓட்டத்தை 55.42 விநாடியில் முடித்தார். வெண்கலம் வாங்கியவர் 55.41. நூறில் ஒரு பங்கு விநாடி. அன்றைக்கு நான் காலேஜ் ஹாஸ்டல் ரேடியோ முன்னால் உட்கார்ந்து அழுதேன். அடுத்த நாள் காலையில் எங்கள் ஹாஸ்டலில் அதுவரை ஓடாத ஒன்பது பேர் மைதானத்துக்கு வந்தார்கள். இதை உன் பேச்சில் சொல்லிக்கொள், நான் நேரில் பார்த்தது.

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன். மகனுக்கு 13 வயது, கிரிக்கெட் பைத்தியம். ஒரு பயிற்சி மையத்தில் பெரிய தொகை கட்டினால் மாவட்ட அணியில் இடம் உறுதி என்கிறார்கள். வண்டியை அடகு வைக்கலாமா?
(தகப்பனார், செல்லூர்)

பதில்: வைக்காதீர்கள் தம்பி. அணியில் இடத்தை யாரும் விற்க முடியாது. விற்பதாகச் சொல்கிறவரிடம் உங்கள் மகன் கற்றுக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. நல்ல கோச் மாதச் சம்பளம் கேட்பார், இடத்துக்கு வாக்குக் கொடுக்க மாட்டார். பையன் பள்ளி அணியில் ஆடட்டும், முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் கலந்துகொள்ளட்டும். உங்கள் ரவுண்டானாவிலேயே கபடி வீரர்களுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். செல்லூர்க்காரர்கள் பேர் வாங்கியது தெருவில் ஆடித்தான்.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. பிறவியிலேயே காது கேட்காது. தெருவில் பேட்மின்டன் ஆடினால் பெரிய பிள்ளைகளையே ஜெயிக்கிறாள். ஓர் இடத்தில் பயிற்சிக்குச் சேர்க்கப் போனோம். "நாங்க சொல்றது அவளுக்குக் கேக்காது, எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது"ன்னு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து மட்டையைத் தொட மாட்டேன் என்கிறாள்.
(தாயார், திருப்பரங்குன்றம்)

பதில்: தங்கச்சி, வாசித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த ஆள் மதுரையில் இருந்துகொண்டு இதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஏனென்றால் இதே மதுரைப் பிள்ளை ஜெர்லின் அனிகா, காது கேளாதவர், 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்ஸில் பேட்மின்டனில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். ஒற்றையர், கலப்பு இரட்டையர், அணி. அதே வருஷத்துக்கான அர்ஜுனா விருதும் கிடைத்தது. அவருக்குச் சொல்லிக்கொடுத்த சரவணன் சாரும் மதுரைக்காரர்தான். அவர் சொன்னதும் அந்தப் பிள்ளைக்குக் காதில் விழவில்லை.

காது கேளாதோர் ஒலிம்பிக்ஸ் 1924-ல் பாரிஸில் தொடங்கியது. நல்ல காதிலேயே 55 டெசிபலுக்குக் குறையாத இழப்பு இருந்தால்தான் சேர்ப்பார்கள். போட்டியின்போது காது மெஷினைக் கழற்றிவிட வேண்டும். அதனால் மெஷின் இல்லாமல் ஆடியும் பழக்குங்கள், வேர்வை படாமல் மெஷினுக்கும் நல்லது. அரசு மருத்துவமனையில் கேட்புத்திறன் சோதனை எடுத்து அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் எல்லாவற்றுக்கும் அதுதான் கேட்பார்கள்.

அடுத்த கோச்சிடம் போகும்போது நீங்களே சொல்லுங்கள்: பின்னாலிருந்து கத்தாதீர்கள், தோளைத் தொட்டுக் கூப்பிடுங்கள், முதலில் செய்து காட்டுங்கள், அப்புறம் செய்யச் சொல்லுங்கள், "நிறுத்து", "இன்னொரு தரம்", "சரி" மூன்றுக்கும் மூன்று கைச்சைகை வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட அதிகம் தேவையில்லை. மற்ற பிள்ளைகள் மட்டையில் ஷட்டில் படுகிற சத்தத்தை வைத்தும் அடியின் வேகத்தைக் கணிப்பார்கள். உங்கள் மகளுக்கு அது இல்லை. அவள் எதிராளியின் மணிக்கட்டைப் பார்த்துக் கணிக்கப் பழகியிருப்பாள், பெரிய பிள்ளைகளை ஜெயிப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். நாளைக்குச் சாயங்காலம் நீங்கள் ஒரு மட்டையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள். அவளைக் கூப்பிட வேண்டாம். நீங்கள் தப்புத்தப்பாக அடிப்பதைப் பார்த்தால் பொறுக்காமல் தானே வருவாள்.

கேள்வி: டீச்சர், எனக்கு 24 வயது. பள்ளியில் 800 மீட்டரில் மாநிலம் வரை போனேன். முட்டி ஜவ்வு கிழிந்து, ஆபரேஷனுக்கு வசதியில்லாமல் நின்றுவிட்டது. இப்போது கொரியரில் டெலிவரி. எட்டாம் வகுப்பில் அப்பா வாங்கிக் கொடுத்த முதல் ஸ்பைக்ஸ் இன்னும் பரணில் இருக்கிறது, ஆறாம் நம்பர். ஒரு வருஷத்தில் கால் வளர்ந்து போட முடியாமல் போனது. அதைப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. எனக்கு இனிமேல் விளையாட்டில் என்ன இருக்கிறது?
(வாசகர், சமயநல்லூர்)

பதில்: தம்பி, முட்டியை முதலில் காட்டுங்கள். மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவப் பிரிவு இருக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கொண்டுபோங்கள். முட்டிக்குப் போடுகிற பயிற்சிகளை ஒழுங்காகச் செய்தால் மெதுவோட்டமாவது திரும்பி வரும் என்று நம்புகிறேன், டாக்டர் சொன்ன பிறகு ஓடுங்கள். வாரத்தில் ஒரு காலை நேரம் உங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்துக்குப் போய் பி.டி. சாரிடம் பேசுங்கள். 800 மீட்டர் ஓடியவருக்குத்தான் எந்த இடத்தில் பிள்ளை தளரும் என்று தெரியும். ஸ்டாப்வாட்ச் பிடித்து, சுற்றுக்குச் சுற்று நேரம் சொல்ல ஒரு ஆள் இல்லாமல்தான் நம் பிள்ளைகள் பாதிப் பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்.

அந்த ஸ்பைக்ஸைப் பரணிலிருந்து இறக்குங்கள். ஆணிகள் துருப்பிடித்திருக்கும். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்துவிட்டு ஸ்பைக்ஸ் சாவியால் திருகுங்கள், வந்துவிடும். புது ஆணி விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும். சிந்தடிக் ட்ராக்கில் ஒன்பது மில்லிமீட்டருக்கு மேல் நீளமான ஆணிக்கு அனுமதி இல்லை, அதனால் குட்டை ஆணியில் ஒரு செட், மண் ட்ராக்குக்குக் கொஞ்சம் நீளமாக ஒரு செட் வாங்கி உள்ளே வையுங்கள். அடிப்பக்கம் வாய் பிளந்திருந்தால் செருப்புத் தைக்கிறவரிடம் ஓரத் தையல் போடச் சொல்லுங்கள். பசை மட்டும் தாங்காது. இதழ் அலுவலக முகவரிக்கு என் பெயர் போட்டு அனுப்புங்கள். உசிலம்பட்டிப் பஸ்ஸில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அம்மாச்சியையும் பார்த்துவிட்டு வரவேண்டும்.